வணக்கம் மட்டும் வண்ணத்தில்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன தை மாதம் ஒரு பத்திரிகை ஆசிரியரிடமிருந்து இன்லண்டு கடிதம் வந்தது. 'நீங்கள் வாசகர்களுக்குச் சிபாரிசு செய்யும் பத்துப் படங்கள். பல காலம், பல வகை. படத்துக்கு எட்டு வரி. பொங்கல் மலருக்குத்தான் தரவில்லை, சித்திரை மலருக்காவது தாருங்கள்.'

நாமக்கல்லில் ஓர் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாகக் கோப்பு கட்டுகிறவன் நான். கதை எழுதுவது அதற்குப் பிறகு மிச்சமாகும் உடம்பை வைத்துத்தான். எட்டு வரிதானே என்று சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து எழுதினேன். இதோ அந்தப் பட்டியல், எழுதினது எழுதினபடி:

ஒன்று. நாற்பதுகளில் வந்த ஒரு புராணப் படம். முப்பத்திரண்டு பாட்டு. சாமி வருவதற்கே பத்துப் பாட்டு ஆகும். வேலையில்லாத நாளில் பாருங்கள்.

இரண்டு. ஐம்பதுகளின் துப்பறியும் படம். கொலைகாரன் யாரென்று அவன் தொப்பியைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் உட்கார்ந்து பார்க்க முடிகிறது, அதுதான் அதிசயம்.

மூன்று. அறுபதுகளின் பேய்ப் படம். மலை பங்களா, சலங்கைச் சத்தம். பேய் கடைசியில் பேய் இல்லை என்று ஆகிவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு.

நான்கு. ஒரு கறுப்பு வெள்ளைக் குடும்பப் படம். இதை எனக்குச் சொன்னவர் அருணகிரி. அவருக்கு இந்தப் படத்தின் கடைசி ரீலை

அந்த வாக்கியம் இரண்டு மாதமாக அங்கேயே நிற்கிறது. சித்திரை மலரும் போய்விட்டது. ஐந்து முதல் பத்து வரை வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும். நான்காவதை இறக்கி வைத்தால் போதும் என்றிருக்கிறது எனக்கு.

2

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

'மாசி மாதத்து வெயில் காவிரிக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தபோது, வாய்க்கால் மேட்டில் ஒரு சைக்கிள்—' வேண்டாம். படம் போட இருட்ட வேண்டும் என்பதைத் தவிர வெயிலுக்கு இந்தக் கதையில் வேலை கிடையாது.

'அருணகிரி எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை.' இது நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததாலேயே சந்தேகம் வந்தது. (இப்படி ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு, பிறகு அதற்குத் தோதாக ஆளை வெட்டித் தைக்கிற வேலையை நான் நிறையச் செய்திருக்கிறேன். இந்த முறை அதற்குத் தெம்பில்லை.)

மூன்றாவது, உள்ளதைச் சொல்வது.

1974. பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் இரண்டு மைல் இடைவெளியில் இரண்டு டூரிங் கொட்டகைகள், இரண்டுக்கும் ஒரே முதலாளி. கிழக்குக் கொட்டகை, மேற்குக் கொட்டகை என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப்பெயர் சொன்னால் யாராவது விசாரித்துக்கொண்டு வருவார்கள். சேலத்திலிருந்து படப்பெட்டி ஒன்றுதான் வரும். கிழக்கில் ஆறரைக்குப் படம் தொடங்கும். மூன்று ரீல் ஓடி முடிந்ததும் அவற்றைத் தனித்தனித் தகர டப்பாவில் போட்டு, சைக்கிள் காரியரில் கட்டி, மேற்குக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஏழேகாலுக்குப் படம். இறக்கிவைத்துவிட்டுத் திரும்பி வந்தால் அடுத்த மூன்று ரீல் தயாராக இருக்கும். பதினைந்து ரீல் படம் என்றால் ஐந்து நடை. அந்த சைக்கிளை மிதித்தவன் அருணகிரி. அப்போது வயது இருபத்து நாலு.*

(அப்போது அவன். சேலத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து எனக்கு இதைச் சொன்னபோது அவர். இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

* ரீலோடு சேர்த்து ஒரு டப்பா மூன்று கிலோ இருக்கும். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கடைசி நடைக்கு மேல் கொண்டுபோவதற்கு எதுவும் இல்லை. அதனால் மேற்குக் கொட்டகையில், மெஷினுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கடைசி மூன்று ரீலை அவன் வேர்வை காயக் காயப் பார்ப்பான். ஆக, ஊருக்கு வந்த எல்லாப் படத்தின் முடிவும் அருணகிரிக்குத் தெரியும். தொடக்கம் ஒன்றுகூடத் தெரியாது. யார் யாருக்கு என்ன உறவு, ஏன் அழுகிறார்கள், எதற்காகத் துப்பாக்கி எடுத்தான் என்பதெல்லாம் அவனுக்கு ஊகம்தான்.

இந்த ஆளிடம்தான் சுற்றுவட்டாரமே 'என்ன படம் பார்க்கலாம்' என்று கேட்கும். அவனும் முகம் கோணாமல் சொல்வான். முடிவை வைத்துத்தான் சொல்வான். லாரி ஓட்டுகிறவர்களுக்குப் பேய்ப் படம்: "அதப் பாத்துட்டு ஸ்டேரிங் புடிச்சீங்கன்னா விடியற வரைக்கும் கண்ணு சொக்காதுங்க." கிணறு வெட்டித் தண்ணீர் காணாதவர்களுக்கு, கடைசியில் மழை கொட்டுகிற பழைய புராணப் படம். பாகத் தகராறில் நீதிமன்றத்துக்கு நடக்கிறவர்களுக்கு, அண்ணன் தம்பி கட்டிப்பிடித்து முடிகிற படம். புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு, கடைசி ரீலில் யாரும் சாகாத படம் எதுவானாலும் சரி. அவன் சொல்லிப் பார்த்த படம் சோடை போனதில்லை என்ற பேர் இருந்தது. அந்தப் பேர் அவனுக்குப் பிடித்தும் இருந்தது. அதில்தான் வினை.

3

அவனுக்கு ஒரே தங்கை, முத்தாயம்மாள். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்த மயில்சாமிக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி நாலாவது வருடம், ஒரு துணிப்பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்து ஏழு மாதமாகிவிட்டது.

இந்த மயில்சாமியை எழுத எனக்கு வரவில்லை. முதல் பிரதியில் அவன் குடித்தான். இரண்டாம் பிரதியில் அடித்தான். அருணகிரி சொன்னதில் இரண்டும் கிடையாது. முதல் குழந்தை ஏழாம் மாதத்திலேயே இறந்து பிறந்தது. அன்றையிலிருந்து மயில்சாமி மனைவியிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் தட்டை வைத்துக்கொண்டு எதிரே நிற்பாள். அவன் தன் அம்மாவைப் பார்த்து, "கொஞ்சம் ரசம் ஊத்தச் சொல்லும்மா" என்பான். அம்மா ஊரில் இல்லாத நாளில் சுவரைப் பார்த்துச் சொல்வான். மூன்று வருடம் இப்படி.

என் மனைவி இந்த இடத்தைப் படித்துவிட்டு, "அடிச்சான்னே எழுதிப் போடுங்க. இல்லீன்னா அவ வந்தது தப்புன்னு சொல்லுவாங்க" என்றாள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. மயில்சாமியை அடிக்கிறவன் ஆக்கிவிட்டால் நான் சீக்கிரம் தூங்கப் போகலாம், நீங்களும் சீக்கிரம் ஒரு பக்கம் சேர்ந்துவிடலாம். ஆனால் அவன் குழந்தைக்காக அழுதானா, அவள் மேல் பழி போட்டானா, வெட்கப்பட்டானா, எதுவும் எனக்குத் தெரியாது. பேசாத ஆளைப் பற்றி வேறு எப்படித் தெரிந்துகொள்வது? விட்டுவிட்டேன்.

தாய்மாமன் மணியன் ஒரு யோசனை சொன்னார். பஞ்சாயத்து வைத்தால் ஆளுக்கு ஆள் பேசுவார்கள், பேச வேண்டியவன் பேச மாட்டான். அதற்குப் பதில் இரண்டு பேரையும் சினிமாவுக்குக் கூட்டி வருவது. கொட்டகையில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு, நடுவே இடுப்புயர மண்சுவர். மயில்சாமியை மாமன் கூட்டி வந்து ஆண்கள் பக்கம் உட்கார வைப்பார். முத்தாயம்மாளை அத்தை கூட்டி வருவாள். படம் விட்டதும் எல்லாரும் கடலைக்கடைச் சந்து வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அங்கே இரண்டு பேரும் நேருக்கு நேர் நிற்பார்கள். அவன் அவளைப் பார்த்து "வா" என்று ஒரு சொல் சொன்னால் போதும். (அந்தப் பக்கத்தில் சுமுகமாகப் போக வேண்டிய காரியங்களுக்கு இப்படிச் சினிமாவைத் துணைக்கு அழைப்பது நடந்ததுதான். யார் யாரை ஜெயித்தார்கள் என்ற பேச்சு வராது.)

"மாப்ள, நீதான் படம் தெரிஞ்சவனாச்சே. கல்லுங் கரையற மாதிரி ஒண்ணு சொல்லு. அதையே மொதலாளிகிட்டச் சொல்லி வரவெச்சரலாம்" என்றார் மணியன்.

அருணகிரி யோசிக்கவே இல்லை. என் பட்டியலில் நாலாவதாக நிற்கிற படத்தைச் சொன்னான்.

4

அந்தப் படத்தின் பதினான்காவது ரீலில் மனைவி மூட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுப் படியிறங்கிப் போகிறாள். பதினைந்தாவது ரீலில் பரிசல்துறையில் காத்து நிற்கிறாள். புருஷன் பின்னாலேயே ஓடி வருகிறான். அவள் கையிலிருந்து மூட்டையை வாங்கிக்கொண்டு, "என் வாய்தான் ஊமை, மனசு ஊமையில்லை. வா, போகலாம்" என்கிறான். பரிசல்காரன் சிரிக்கிறான். திரையில் கடைசி எழுத்து: வணக்கம்.

பத்து நிமிடம் ஓடுகிற அந்தக் கடைசி ரீலுக்காகத்தான் அருணகிரி அந்தப் படத்தைச் சொன்னான். முன்னால் பதினான்கு ரீலில் என்ன நடந்தது என்பது அவனுக்குப் பொருட்டில்லை. திரையில் ஒருத்தன் மனைவியைப் பார்த்து 'வா' என்று சொல்வதை மயில்சாமி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவனுக்கு அது மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தது போல இருந்தது.

மூன்றாம் நாள் மேற்குக் கொட்டகை ஆட்டத்துக்கு அவர்களை வரச் சொன்னார்கள். அன்று மத்தியானம் கொல்லையில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவனிடம் முத்தாயம்மாள் வந்து நின்றாள்.

"ஏனுங்ணா, படம் விட்டதும் என்னைய அப்பிடியே பஸ் ஏத்தி அனுப்பிப் போடுவீங்களா?"

"அப்பிடியெல்லாம் இல்ல அம்மிணி. அவரு கூப்புட்டாத்தான."

"கூப்புட்டா?"

அருணகிரி கடப்பாரையில் தேங்காயைக் குத்தினான். மட்டை பிரியவில்லை.

"மூணு வருசங் கழிச்சு ஒரு வார்த்தை சொன்னா நான் போயரோணுமாங்ணா?"

"மொதல்ல படத்தப் பாரு சாமி. நல்ல முடிவு" என்றான்.

5

அன்று பிரிண்ட் நாலு இடத்தில் அறுந்தது. பழைய படம், ஒவ்வொரு ஊராக ஓடித் தேய்ந்தது. கிழக்கில் ஒட்டி ஒட்டிப் போட்டதில் நேரம் தவறியது. கடைசி நடைக்கு மூன்று ரீலும் சேர்ந்து தயாராகவில்லை. பதிமூன்றையும் பதினான்கையும் கொண்டுபோய் மேற்கில் கொடுத்துவிட்டு, பதினைந்துக்காக அருணகிரி மறுபடி கிழக்குக்கு வந்தான். ஒற்றை டப்பா. காரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினான். மேற்குக் கொட்டகை வெளிச்சம் தெரிகிற தூரம் வரை வந்தும்விட்டான். அதற்கப்புறம் வரவில்லை.

ஏன் வரவில்லை? மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறேன்.

அ. சைக்கிள் பஞ்சர். ஊருக்கு அவன் சொன்னது இதைத்தான்.

ஆ. கரும்பு வண்டிகள் பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. இது என் சொந்தச் சரக்கு. வண்டிக்காரர்களுக்கு நல்ல பேச்சுக்கூட எழுதினேன். வேண்டாம்.

இ. அவன் உட்கார்ந்துவிட்டான்.

டீக்கடையில் அருணகிரி எனக்குச் சொன்னது மூன்றாவது. "ஒண்ணுமில்லீங்க. வாய்க்கா மேட்டுல ஏறுறப்ப எறங்கித் தள்ளுவேன் பாருங்க, அன்னிக்கும் எறங்குனேன். எறங்குனவன் சைக்கிள மரத்துல சாச்சுப்போட்டு உக்காந்துட்டேன். எந்திரிக்கோணும்னு தெரியுது. எந்திரிக்க முடியலீங்க."

"அவ்வளவு அசதியா?"

"மூணு டப்பா வெச்சுக்கிட்டு ஓடுனவந்தானுங்க நானு. அன்னிக்கு இருந்தது ஒரு டப்பா."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. தங்கை கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாத மத்தியானம் காலில் வந்து உட்கார்ந்துகொண்டது என்று நான் எழு

(எழுதவில்லை. அது அவருக்கே தெரியாது. நான் தெரிந்ததுபோலச் சொன்னால் பொய்.)

மேற்கில் பதினான்காவது ரீல் முடிந்தது. திரை வெள்ளையாயிற்று. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். தரை டிக்கெட்டில் விசில் கிளம்பியது, மண்ணை வாரித் திரையில் எறிந்தார்கள். ஆபரேட்டர் சின்னண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. அவர் ஒரு பழைய டப்பாவில் அறுந்துபோன துண்டுப் பிலிமெல்லாம் சேர்த்து வைத்திருப்பார். அதிலிருந்து ஏதோ ஒரு படத்தின் 'வணக்கம்' துண்டை எடுத்து மாட்டி ஓட்டிவிட்டு விளக்கைப் போட்டார். சனம் ஒரு மாதிரி அடங்கிக் கலைந்தது.

அவசரத்தில் எடுத்த அந்தத் துண்டு கலர்ப் படத்தினுடையது. செம்பருத்தி நிறத் திரை, அதில் மஞ்சளில் வணக்கம்.

6

கடலைக்கடைச் சந்தில் இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றார்கள். மயில்சாமி வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டான். பிறகு மணியனைப் பார்த்து, "வண்டிக்கு நேரமாச்சு. வராளான்னு கேளுங்க" என்றான்.

முத்தாயம்மாளும் மணியனைத்தான் பார்த்தாள். "வரலைன்னு சொல்லுங்க மாமா."

அவ்வளவுதான். மயில்சாமி பஸ்ஸைப் பிடிக்கப் போனான். இரண்டு வருடம் கழித்து வேறு கல்யாணம் செய்துகொண்டான். இந்தக் கதைக்குள் அவன் இனி வர மாட்டான். அவனை நான் சரியாகக் கவனிக்கவில்லை என்ற குறை எனக்கு உண்டு.

அருணகிரியின் குறை வேறு. மயில்சாமி அந்த ரீலைப் பார்த்திருந்தால் 'வா' என்று சொல்லியிருப்பானோ? சொல்லியிருந்தால் அவள் போயிருப்பாளோ? போயிருந்தால் நல்லதா? இந்த மூன்று கேள்வியையும் அவர் பன்னிரண்டு வருடமாகச் சுமக்கிறார். எனக்கு முன்னால் யாரிடமும் சொல்லவில்லை. யாராவது 'என்ன படம் பாக்கலாம்' என்று கேட்டால், "எனக்கென்னங்க தெரியும்" என்று நகர்ந்துவிடுவார். சைக்கிள் வேலையை விட்டுவிட்டுச் சேலத்தில் ஒரு பட விநியோக ஆபீசில் சேர்ந்தார். பெட்டியை பஸ்ஸில் போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கி வருகிற வேலை. முடிவு எதையும் பார்க்க நிற்பதில்லை.

முத்தாயம்மாள் ஜலகண்டாபுரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டோடு தங்கித் தறிக்கு நூல் சுற்றினாள். எண்பத்திரண்டில் சத்துணவுத் திட்டம் வந்தபோது ஓமலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அமைப்பாளர் வேலை கிடைத்தது. தனி வீடு, தனி ரேஷன் கார்டு. சமையலுக்கு உதவுகிற பெண்கள், நூல் சுற்றிய காலத்துச் சிநேகிதிகள், யாருக்கு வீட்டில் என்ன என்றாலும் அவளிடம் வந்து உட்காருவார்கள். அவள் புத்தி சொல்ல மாட்டாள். படம் சொல்வாள். ஒரே ஒரு படம்.

"பளைய படந்தான். கருப்பு வெள்ளை. ஆனா கடைசியில அவ மூட்டையத் தூக்கிட்டுப் படியெறங்குறா பாரு, அப்ப ஒரு நேரம் வெள்ளையாவே நிக்குது. அப்பறம் கலராயிருது. எங்கயாச்சும் போட்டாங்கன்னா பாரு புள்ள."

அந்தக் காலத்தில் பாட்டுக்கு மட்டும், கடைசிக்கு மட்டும் கலர் வைத்த படங்கள் உண்டு. யாரும் சந்தேகப்படவில்லை.

(என் பட்டியல் ஞாபகம் வருகிறது. மூன்று படத்துக்கு எழுதிவிட்டேன். அதில் ஒரு வரியாவது இவள் சொன்னது போல இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். தொப்பியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.)

7

1985 ஐப்பசியில் அந்தப் படம் ஓமலூரில் ஒரு தியேட்டருக்குக் காலைக்காட்சியாக வந்தது. பெட்டியைக் கொண்டுபோக வேண்டியவர் அருணகிரி. முந்தின நாள் முத்தாயம்மாள் ஆபீசுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணா, நம்ம படம் வருதாமுங். நாங்க நாலு பேரு வாரோம். சமையல் புள்ள ஒருத்தி, பொன்னாத்தான்னு, அவளையுங் கூட்டிட்டு வாரேன்."

"அவளுக்கென்ன?"

"அவளுக்கு இருவத்தி ரெண்டு வயசுங்ணா. புருசன் ஊட்டுலருந்து மூணாவது தடவையா வந்திருக்கா. படம் பாத்துட்டு முடிவு பண்றேன்னு சொல்லீருக்கா. நாந்தான் சொன்னேன், நல்ல முடிவுன்னு."

தான் சொன்ன சொல்லை அவள் வாயில் கேட்டதும் அருணகிரிக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. பொன்னாத்தாளின் புருஷன் எப்படிப்பட்டவன், போனால் என்ன ஆகும், போகாவிட்டால் எங்கே இருப்பாள், எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் பதினைந்தாவது ரீலில் ஒருத்தன் ஓடி வந்து மூட்டையை வாங்கிக்கொள்வான் என்பது. வழக்கம்போல முடிவு மட்டும் தெரியும். தங்கையோ பதினோரு வருடமாக இல்லாத ஒரு முடிவைச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நாளைக்கு நாலு பெண்கள் நடுவே அது பொய்யாகப் போகிறது.

அவள் போன பிறகு அவர் ஆபீசின் பின்கட்டில் துண்டு பிலிம் போட்டு வைக்கும் சாக்கைக் கவிழ்த்தார். இரண்டு மணி நேரம் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். சின்னண்ணன் அன்று ஓட்டிய செம்பருத்தி நிறம் கிடைக்கவில்லை. நீலத்தில் வெள்ளை எழுத்தாக ஒரு 'வணக்கம்' கிடைத்தது, ஒன்றரை முழம். சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

8

ஓமலூர் தியேட்டரில் ஆபரேட்டர் அருணகிரிக்குப் பழக்கம். இடைவேளைக்கு அப்புறம், "அண்ணே, நீங்களே பாத்துக்கங்க, நான் டீ குடிச்சுட்டு வாரேன்" என்று போய்விட்டார். பிலிம் ஒட்டுகிற சிமெண்ட் பசைப் பாட்டிலும் கத்தரியும் மேசையில் இருந்தன.

பன்னிரண்டாவது ரீல் ஓடும்போது முத்தாயம்மாள் மெஷின் ரூம் வாசலில் வந்து நின்றாள். வேர்த்திருந்தது. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உள்ளார ஒரே பொளுக்கமுங்ணா. காத்துக்கு வந்தேன்."

"படம் எப்பிடி?"

"எனக்குத்தான் தெரியுமே. பொன்னாத்தா அளுதுக்கிட்டே பாக்கறா. பைய மடியில வெச்சுக்கிட்டு."

அருணகிரி மெஷினில் ஓடும் ரீலைச் சரிபார்த்தார். அவள் சுவரோரம் அடுக்கியிருந்த டப்பாக்களைப் பார்த்தாள்.

"அன்னிக்குப் பஞ்சர்னு சொன்னீங்களே."

"ஆமா."

"மறுநாக் காத்தால சைக்கிளத் தொட்டுப் பாத்தேன். ரெண்டு சக்கரமுங் கல்லாட்டம் இருந்துச்சு. செவுத்து மொளைக்குச்சியில ஒத்த டப்பா கட்டுன கயிறுந் தொங்குச்சு, பாரமுமில்ல."

பதினோரு வருடம் அவர் ஒளித்து வைத்திருந்ததை இவள் ஒரே ராத்திரியில் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

"அம்மிணி, அந்த ரீல்ல என்னன்னா..."

"சொல்லாதீங்கண்ணா. நான் கேக்கல. இன்னிக்கு வரைக்குங் கேக்கல. எனக்கு அவ்வளவு போதுமுங்." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "பொன்னாத்தாளுக்குப் போதுமான்னு தெரியல. அதான் ராத்திரியெல்லாந் தூக்கமில்ல. நான் பாட்டுக்கு எல்லாருத்துக்கும் சொல்லிப் போட்டேன்."

அவள் திரும்பிப் போகத் தொடங்கினாள். இரண்டு படி இறங்கி நின்றாள்.

"பொட்டி பூராவுமா கொண்டாந்தீங்க?"

அருணகிரி பதில் சொல்வதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

9

இனி முடிவு. எழுதி வைத்திருப்பவற்றைக் காட்டிவிடுகிறேன், ஒளிக்க எனக்குச் சக்தியில்லை.

முதல் முடிவில் அருணகிரி பதினைந்தாவது ரீலை மாட்டுகிறார். புருஷன் ஓடி வருகிறான். பெண்கள் பக்கமெல்லாம் விசும்பல். பொன்னாத்தாள் பையை எடுத்துக்கொண்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறாள். அங்கே யாரும் ஓடி வரவில்லை. (அவள் புருஷன் ஓடி வருவதாக இன்னொரு பிரதியும் இருக்கிறது. எழுதி முடித்ததும் எனக்கே கூச்சமாகிவிட்டது.)

இரண்டாவதில் நீல வணக்கத்தை ஒட்டுகிறார். பொன்னாத்தாள் போகவில்லை. முத்தாயம்மாளோடு தங்குகிறாள். நன்றாக இருக்கிறாள் என்று எழுதினேன். அடுத்த பாராவில் அவளுக்கு எது நன்றாக இருக்கும் என்று முடிவு செய்ய நானும் அருணகிரியும் யார் என்று கேட்டு அடித்துவிட்டேன்.

மூன்றாவதில் முத்தாயம்மாள் பதினான்காவது ரீல் முடிந்ததும் எழுந்து நின்று, 'எனக்கு முடிஞ்சுது, நீ வேணும்னா இருந்து பாரு' என்று பொன்னாத்தாளிடம் சொல்லிவிட்டு வெளியே வருகிறாள். இது எனக்குப் பிடித்த முடிவு. எனக்குப் பிடிக்கிற மாதிரி மனிதர்கள் நடந்துகொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நடந்தது என்னவென்று அருணகிரியிடமே கேட்டேன். டீ ஆறிவிட்டிருந்தது. ஒரே வாயில் குடித்தார்.

"நீங்க இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்றார்.

"எனக்குத் தெரியலீங்க."

"அப்பறம் என்னத்தக் கதை எளுதறீங்க?" என்று சொல்லிவிட்டு, ஆத்தூர் பஸ்ஸில் ஏற்ற வேண்டிய பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அசதியாகத்தான் சொன்னார்.

ஆகவே நிறுத்திக்கொள்கிறேன். பதினான்காவது ரீல் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் மூட்டையைக் கட்டிவிட்டாள், இன்னும் படிக்கு வரவில்லை. மூன்றாவது வரிசையில் பொன்னாத்தாள் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் முத்தாயம்மாள். ஆபரேட்டர் டீக்கடையிலிருந்து திரும்பவில்லை. அருணகிரியின் வலது கையில் பதினைந்தாவது ரீல் டப்பா, மூன்று கிலோ. சட்டைப் பையில் இருக்கிற துண்டுக்கு எடையே கிடையாது. அவர் இடத்தில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள். எனக்குக் கால் வலிக்கிறது.

பத்திரிகை ஆசிரியருக்கு இதை அனுப்பினால், 'படத்தின் பெயரைச் சொல்லவே இல்லையே' என்று எழுதுவார். வேண்டுமென்றுதான் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் தேடிப் போய்ப் பார்ப்பீர்கள், அந்தப் பெட்டி இப்போது எந்த ஊரில் இருக்கிறதோ, அதில் எத்தனை டப்பா இருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

தற்செயலாக எங்காவது பார்க்க நேர்ந்தால், ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம், கடைசியில் ஒருத்தி மூட்டையோடு படியிறங்குகிறாள் என்றால், எழுந்துவிடாமல் உட்கார்ந்திருங்கள். வணக்கம் என்ன நிறத்தில் வந்தது என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.